மாணவர் விலையில் லேப்டாப்: ஐ.டி. கார்டை இரவல் தராதீர்கள்!

வீட்டில் கல்லூரி மாணவர் இருக்கிறாரா? ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் அவருக்குச் சலுகை விலையில் கம்ப்யூட்டர் தருகின்றன. படிக்கும்போது பழகியதையே வேலைக்குப் போன பிறகும் வாங்குவார் என்பது அவர்கள் கணக்கு. அதை வெளியில் விற்றுவிட்டால் கணக்கு தப்பிவிடும் அல்லவா? எனவே சில பூட்டுகள் போட்டிருக்கிறார்கள்.

முதல் பூட்டு, மாணவர் என்பதற்கான சான்று. இரண்டாவது, ஒருவருக்கு ஆண்டுக்கு இத்தனைதான் என்ற வரம்பு. மூன்றாவது, தணிக்கை. விதியை மீறியது தெரிந்தால், விலை வித்தியாசத்தை வாங்கியவரின் கிரெடிட் கார்டிலேயே வசூலிக்க ஆப்பிளின் அமெரிக்க விற்பனை விதிகளில் இடம் உண்டு.

இலவசமாகத் தந்தால்? 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மூடியிலேயே அரசு முத்திரை இருந்தது. விற்க வந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மாணவர்களே, "உன் ஐ.டி. கார்டில் எனக்கு ஒன்று வாங்கிக் கொடு" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பில்லில் இருப்பது உங்கள் பெயர்; கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பழைய லேப்டாப் வாங்குபவர்கள் ஒரிஜினல் பில்லைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சீரியல் எண்ணை லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.