மூளைக் கட்டியும் காந்தப் படமும்: ஊசி எப்போது தேவை?

மூளையில் தோன்றிய கட்டியை அறுவை செய்து அகற்றியாயிற்று, கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. ஆயினும் படம் எடுக்கும் வேலை மட்டும் ஓய்வதில்லை. மூன்று மாதத்திற்கொரு முறை, ஆறு மாதத்திற்கொரு முறை என்று எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படம் தொடர்கிறது. பெரும்பாலும் அதனுடன் கை நரம்பில் ஓர் ஊசியும் உண்டு. "ஊசி இல்லாமல் எடுக்கக் கூடாதா?" என்று நோயாளி கேட்பது நியாயமே. சில கட்டிகளுக்கு அவ்வாறு எடுக்கலாம். சிலவற்றுக்கு எடுத்தால் படம் பயன்படாது.

நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வலிமை மிக்க காந்தப் புலத்தில் அவற்றை வைத்து, வானொலி அலைகளால் நிலை குலைத்து, அவை மீளும்போது வெளிவிடும் சைகைகளைக் கொண்டு படம் வரைகிறார்கள். இங்கே எக்ஸ் கதிர் எதுவும் இல்லை.

ஊசியில் இருப்பது கடோலினியம் என்னும் உலோகம். அதன் அணு எண் 64. அதன் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு உள்ளன. ஆகவே, அருகிலுள்ள நீரின் ஹைட்ரஜன் விரைவாகப் பழைய நிலைக்கு மீள்கிறது. அவ்விடம் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. ஆனால் தனித்த கடோலினியம் நஞ்சு. பருமனில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால், கால்சியம் செய்ய வேண்டிய வேலைகளில் அது குறுக்கிடும். எனவே நண்டின் கொடுக்குப்போல் ஒரு கரிமச் சேர்மம் அதைக் கவ்விப் பிடித்திருக்கும்படி செய்து, அப்பிணைப்போடு செலுத்துகிறார்கள். இவ்வகை மருந்துக்கு அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் கிடைத்தது 1988-இல். (சி.டி. படத்திற்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி அஞ்சுவோர் பலர்.)

இம்மருந்து மூளைக்குள் எங்கே தங்குகிறது? 1885-இல் ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது மற்ற உறுப்புகள் நிறமேறின. மூளை ஏறக்குறைய நிறமேறாமலே நின்றது. மூளையின் நுண் இரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கிப் பொருந்தியிருப்பதே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. இத்தடுப்பைக் கடோலினிய மருந்தும் தாண்டாது. விரைந்து வளரும் கட்டியோ தனக்கென்று புதிய குழாய்களை அவசரத்தில் அமைத்துக் கொள்கிறது. அவை கசியும். கசிந்த இடமே வெளுத்துத் தெரிகிறது. ஆக, வெண்மை காட்டுவது தடுப்புச் சுவரிலுள்ள ஓட்டையை; கட்டியையே அன்று. இதை மறந்தால் பெரிய தவறு நேரும்.

கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டியை எடுத்துக்கொள்வோம். அறுவைக்குப் பின் ஓரிரு நாட்களுக்குள் ஊசியுடன் படம் எடுத்து, எஞ்சிய கட்டி உண்டா என்று பார்ப்பர். தாமதித்தால் அறுவைப் புண்ணே வெளுக்கத் தொடங்கிவிடும். அடுத்து, கதிர்வீச்சும் டெமோசோலமைடு மருந்தும் பெற்ற முதல் மூன்று மாதங்களில், சிகிச்சையால் புண்பட்ட குழாய்கள் கசிந்து வெண்பகுதி பெருகக்கூடும். கட்டி வளர்ந்துவிட்டதாக எண்ணி, பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிட்டால் இழப்பு நோயாளிக்கே. இதற்கு நேர்மாறாக, ஸ்டீராய்டோ பெவாசிசுமாபோ கசிவை அடைத்துவிடும். வெண்மை சுருங்கும், கட்டியோ இருந்த இடத்திலேயே இருக்கும். 1990-இல் வகுத்த அளவுகோல் வெண்பகுதியின் அளவையே பெரிதும் நம்பியது. 2010-இல் வந்த புதிய அளவுகோல் வெளுக்காத பகுதியையும் கணக்கில் சேர்த்தது. கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரங்களில் அவசரமாகத் தீர்ப்பளிக்கலாகாது என்றும் எச்சரித்தது.

மெதுவாக வளரும் கிளையோமாக்கள் பலவற்றில் கசிவே இல்லை. அங்கே ஊசி சொல்வது குறைவு. நீர்மிகு பகுதிகளைக் காட்டும் சாதாரண வரிசைப் படங்களே வளர்ச்சியை அளக்கப் போதும். எனினும் ஒருநாள் புதிதாக ஒரு வெண்புள்ளி தோன்றினால், கட்டி கொடிய வகையாக மாறுகிறது என்பதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். எனவே ஊசியை அடியோடு விட்டுவிடுவது நல்லதாகத் தோன்றவில்லை. மூளை உறையில் தோன்றும் மெனின்ஜியோமா வேறு கதை. அது நன்றாக வெளுக்கும். ஆனால் இன்னதென்று தெரிந்து, அறுவையின்றிக் கண்காணிக்கப்படும் கட்டியின் அளவை ஊசியின்றியும் பல சமயம் அளந்துவிடலாம்.

இவ்வளவு ஆராய்வது ஏன்? 2006-இல், சிறுநீரகம் பழுதுற்றோரின் தோல் தடித்து இறுகும் ஒரு நோய்க்கும் இம்மருந்துக்கும் தொடர்பு கண்டனர். 2014-இல் ஜப்பானிய மருத்துவர்கள், பலமுறை ஊசி பெற்றவர்களின் மூளையில் சில பகுதிகள் ஊசியில்லாத படத்திலும் வெளுத்திருப்பதை அறிவித்தனர். சிறிதளவு கடோலினியம் அங்கே தங்கிவிடுகிறது. இதனால் நோய் உண்டாவதாக நிறுவப்படவில்லை. ஆயினும் 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம், உலோகத்தைத் தளர்வாகப் பிடிக்கும் நேர்த்தொடர் வகை மருந்துகள் சிலவற்றை நிறுத்தி வைத்தது. 1988-இல் ஒப்புதல் பெற்ற அம்முதல் மருந்தும் அவற்றுள் ஒன்று. கூண்டுபோல் இறுகப் பிடிக்கும் வளைய வகை மருந்துகள் தொடர்கின்றன.

படத்திற்குச் செல்வோர் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி தேவையா, எந்த வகை என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். பழைய படங்களைக் கட்டாயம் கொண்டு செல்க. சென்ற முறை ஊசியுடன் எடுத்த படத்தை இம்முறை ஊசியின்றி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், மறைந்தது வெண்மையா கட்டியா என்று எவராலும் கூற இயலாது.