ஓட்டுநர் உரிமத்தின் வகைகள்

பள்ளத்தூர்க் கடைத்தெருவில் ஒரு காலைப்பொழுது நின்று நோக்குவார்க்குப் பலவகை ஊர்திகள் புலனாகும். பால் பாத்திரம் சுமந்த மொபெட், மாணவியர் ஊர்ந்து செல்லும் ஸ்கூட்டர், காரைக்குடிக்கு விரையும் பேருந்து, அண்மையிலுள்ள புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து மூட்டை ஏற்றிவரும் லாரி, மக்கள் 'குட்டியானை' எனச் செல்லப்பெயரிட்டு வழங்கும் சிறு சரக்கு வண்டி, வயலினின்று மீளும் டிராக்டர் எனப் பலவாம் அவை. இவற்றை ஓட்டுவாரை நோக்கி, "லைசென்ஸ் உண்டா?" என வினவின், பெரும்பாலோர் "உண்டு" என்றே விடையிறுப்பர். ஆயின் அவ்வினா நிறைவுற்ற வினாவன்று. "எவ்வகை வண்டிக்கு உண்டு?" என்பதே சட்டம் கேட்கும் வினா. இவ்விரு வினாக்கட்கும் உள்ள வேற்றுமையை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் வண்டிகள் பற்றி இந்தியா முழுமைக்கும் பொதுவானதொரு சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னர் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் தோன்றிற்று. 1988-இல் இயற்றப்பெற்று 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டமே, இடையிடையே திருத்தம் பெற்று, இன்று வழங்குவது. அதன் 3-ஆம் பிரிவு, ஒருவன் ஒரு வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டவேண்டுமாயின், அவ்வண்டியை ஓட்டுதற்கு அதிகாரம் அளிக்கும் உரிமம் அவன்பால் இருத்தல் வேண்டும் என்கின்றது. 10-ஆம் பிரிவு உரிமத்தின் வகைகளை எண்ணிக் கூறுகின்றது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள், உடற்குறையுடையார்க்கென மாற்றியமைக்கப்பட்ட வண்டி, இலகுரக மோட்டார் வண்டி, போக்குவரத்து வண்டி, சாலை உருளை, தனியே குறிப்பிடப்படும் பிறவகை வண்டி என்பன அவை.

இலக்கணம் பயில்வார், ஒரு பொருளை எதுபற்றி வகுக்கின்றோம் என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும் என்பதை அறிவர். ஈண்டும் அவ்வாறே. மேற்கூறிய வகைப்பாட்டிற்குப் பெரிதும் அடிப்படையாவன மூன்று: வண்டியை இயக்கும் முறை, அதன் எடை, அது பயன்படும் தொழில். இம்மூன்றையும் நிரலே காண்பாம்.

இயக்கும் முறையால் வேறுபடுவன இருசக்கர வண்டிகள். கியர் உள்ளவற்றை 'எம்.சி.டபிள்யூ.ஜி.' எனவும், கியர் இல்லாதவற்றை 'எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.' எனவும் உரிம அட்டையில் குறிப்பர். கைப்பிடியை முறுக்கிய அளவில் ஓடும் ஸ்கூட்டரைச் செலுத்தப் பழகினான் ஒருவன், கிளச்சையும் கியரையும் இணக்கிச் செலுத்தும் வண்டியைப் பழகினான் ஆகான். ஆதலின் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் பெற்றோர் கியர் உள்ள வண்டியை ஓட்டுதல் சட்டத்திற்கு மாறாகும். மகிழுந்து ஓட்ட உரிமம் பெற்றாரும் அதுகொண்டு இருசக்கர வண்டி ஓட்டல் இயலாது. எட்டுப் போட்டுக் காட்டித் தேறியது எவ்வண்டியிலோ அவ்வகைக்கே உரிமம் என்பது கருத்து.

வயது பற்றியதொரு மயக்கம் நம் ஊர்களில் மிகுதியும் உண்டு. உரிமம் பெறுதற்குரிய வயது 18. பதினாறு வயதினர்க்குச் சட்டம் அளிக்கும் சலுகை, எஞ்சின் கொள்ளளவு 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே உரியது; அதற்கும் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். ஓசூரில் உருவாகி 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 இவ்வரம்பிற்குள் அடங்கிய வண்டி. அதன் வழித்தோன்றலாகிய எக்ஸ்.எல். 100 என்பதன் கொள்ளளவோ ஏறத்தாழ 100 கன சென்டிமீட்டர். இக்காலத்துப் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலனவும் நூறைக் கடந்தனவே. வண்டி வளர்ந்துவிட்டது, சலுகை வளர்ந்திலது. ஆகவே, 'பதினாறு வயதில் லைசென்ஸ் எடுத்தால் ஸ்கூட்டர் ஓட்டலாம்' என்னும் பேச்சு இன்று பொருந்தாது என்க.

இனி எடையை நோக்குவாம். 'எல்.எம்.வி.' எனக் குறிக்கப்படும் இலகுரக வண்டியின் எல்லை 7,500 கிலோகிராம். மகிழுந்தும் டிராக்டரும் ஆயின் சுமையின்றி உள்ள எடையும், சரக்கு வண்டி முதலியன ஆயின் சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இவ்வளவைக் கடத்தல் ஆகாது. ஈண்டு ஓர் ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. குட்டியானை எடையால் இலகுவானது. தொழிலால் சரக்கு வண்டி. அதனை ஓட்டுவார்க்கு மகிழுந்து உரிமம் ஒன்றே அமையுமோ, போக்குவரத்து உரிமமும் வேண்டுமோ? விபத்து நேர்ந்தபோதெல்லாம் காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வினாவை எழுப்பின. 2017-இல் உச்ச நீதிமன்றம் இலகுரக உரிமமே அமையும் என்றது. அத்தீர்ப்பு மீளாய்வுக்கு உள்ளாகி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் நாள் அதனையே உறுதி செய்தது. ஆகவே 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக உரிமம் உடையார் ஓட்டலாம். எனினும் தீங்கு விளைக்கும் பொருள்களை ஏற்றிச் செல்லும் வண்டி முதலியவற்றிற்குரிய தனி விதிகள் மாறாது நிற்கின்றன.

மூன்றாவது தொழில். வாடகைக்கு ஆட்களை ஏற்றும் வண்டி, சரக்கு வண்டி, கல்வி நிலையப் பேருந்து ஆகியன போக்குவரத்து வண்டிகள் எனப்படும். முன்னர் இவை நடுத்தரம், கனரகம், பயணியர், சரக்கு என நால்வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்தது. எடை வரம்பைக் கடந்த பேருந்தும் லாரியும் ஓட்ட விழைவார்க்கு 20 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்திருத்தல் வேண்டும். பயிற்சிப் பள்ளியின் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். தம் சொந்த வண்டிக்கு முப்பது வயதிற்குள் உரிமம் பெற்றார்க்கு அது நாற்பது வயதுவரை செல்லும்; போக்குவரத்து உரிமமோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படல் வேண்டும். ஐம்பது உயிர்களைத் தன் கையில் ஏற்பவனது கண்ணொளியும் உடல்நலமும் அடிக்கடி சோதிக்கப்படுதல் முறையேயன்றோ?

செட்டிநாட்டினர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு கொண்ட சிங்கப்பூரில் இவ்வகைப்பாடு இன்னும் நுண்ணியது. ஆங்கு மோட்டார் சைக்கிள் உரிமம் எஞ்சினின் கொள்ளளவால் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 200 கன சென்டிமீட்டர் வரையில் ஒன்று, 400 வரையில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று எனப் படிப்படியாகவே ஏறுதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மகிழுந்து உரிமத்தின் பொது எல்லை 3,500 கிலோகிராம். நம் நாட்டு எல்லையிற் பாதியினும் குறைவு. இங்கோ நூறு கன சென்டிமீட்டர் வண்டியில் எட்டுப் போட்டுத் தேறிய இளைஞன், மறுநாளே அறுநூற்றைம்பது கன சென்டிமீட்டர் வண்டியில் ஏறினும் சட்டம் தடுப்பதில்லை. ஆகவே, நம் சட்டம் வகுத்த எல்லை திறமையின் முழு அளவன்று, இன்றியமையாத குறைந்த அளவே என்பதை இளைஞர் உணர்தல் நன்று. சட்டம் நிறுத்தாவிடத்துத் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

இவ்வரம்புகளை மீறுவதால் வரும் கேடு சிறிதன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமின்றி ஓட்டுவார்க்கும், உரிமமற்றார் கையில் வண்டியைக் கொடுப்பார்க்கும் தண்டம் ஐயாயிரம் ரூபாய் வரை செல்லும். பதினெட்டு வயது நிரம்பாத சிறுவன் ஓட்டிக் குற்றம் நிகழின், அது தம் அறிவின்றி நிகழ்ந்ததென மெய்ப்பித்தாலன்றி, காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் நீக்கப்படும். அச்சிறுவனும் 25 வயதுவரை உரிமம் பெறத் தகுதியற்றவனாவான். அன்றியும், உரிய வகை உரிமமின்றி விபத்து நேர்ந்தவிடத்து, காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை முதலிற் கொடுத்துப் பின்னர் உரிமையாளரிடம் பெற்றுக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் ஈட்டம் முழுதும் அவ்வொரு தொகையில் அழிதலும் கூடும்.

வீட்டு ஆண்மக்கள் தொழில் நிமித்தம் வெளியூர்களில் வாழ, முதியோரும் சிறாரும் பெரிய வீடுகளில் தங்கியிருக்கும் ஊர்கள் நம் பக்கத்தில் பல. அவ்வீடுகளில் மருந்து வாங்கவும், விருந்தினரைப் பேருந்து நிலையத்தினின்று அழைத்து வரவும், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தல் இயல்பாகிவிட்டது. கொடுப்பவர் தீயவர் அல்லர். பிள்ளையும் முரடன் அல்லன். ஆயினும் தெருமுனையில் எதிர்ப்படும் லாரி அதனை அறியாது.

ஆகவே மாணவ நண்பர்காள்! விடுமுறையில் வீடு செல்லுங்கால் நும் உரிம அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்மின். அதில் எவ்வகை எழுதப்பட்டுள்ளது, எந்நாள் வரை செல்லும் என்பவற்றை அறிமின். உரிமம் இல்லாதார் முதற்கண் பழகுநர் உரிமம் பெறுக. அஃது ஆறு திங்கள் செல்லும். பெற்று முப்பது நாள் கழிந்தபின் தேர்வுக்குச் செல்லலாம். மருந்து வாங்கத் தம்பியை அனுப்பும் வழக்கம் நும் வீட்டில் இருப்பின், அவ்வேலையை நீவிரே ஏற்றுக்கொண்மின். நீவிர் இல்லாத நாளில், அவன் மிதிவண்டியிற் சென்று சற்றுத் தாழ்த்து வந்தாலும் குறையில்லை எனப் பெரியோர்க்கு எடுத்துரைமின்.