தஞ்சை அரண்மனையில் ஒரு பகல்

தஞ்சைக்குச் செல்வோருட் பலர் பெரிய கோயிலைத் தரிசித்து, நந்தியை வியந்து நோக்கி, பிள்ளைகளுக்குத் தலையாட்டிப் பொம்மையொன்றை வாங்கிக்கொண்டு புகைவண்டி ஏறிவிடுகின்றனர். முதன்முறை நாமும் அவ்வாறே திரும்பினோம். இம்முறை ஒரு பகலை அரண்மனைக்கென்றே ஒதுக்கினோம்.

நாயக்க மன்னர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய மாளிகை இது. பின்வந்த மராட்டியரும் தத்தம் விருப்பப்படி கட்டிச் சேர்த்தமையால், எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று எளிதில் அறியக்கூடவில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் பறங்கியர் கைப்பட்டபின், அதனை மீட்கப் படையனுப்பிய இரகுநாத நாயக்கர் இங்கிருந்தே ஆண்டார். அப்படை வெல்லவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தார் இவ்வாயிலை முற்றும் அந்நியமாகக் கருதுவதற்கில்லை.

நாயக்கர் மண்டபத்திலே இன்று கலைக்கூடம் அமைந்துள்ளது. அது பிறந்த கதை சுவையானது. கரந்தையிலே கிடந்த பிரமன் சிலையொன்றை 1951இல் வடநாட்டுக் கலைப்பொருட் சேகரிப்பாளர் ஒருவர் கொண்டுசெல்ல முற்பட்டாராம். ஊரார் விட மறுத்தனராம். சிலை அரண்மனைக்கு வந்தது. அவ்வாண்டே கலைக்கூடமும் தோன்றியது. கேட்பாரற்றுக் கிடந்த பிற திருமேனிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அவற்றுள் திருவெண்காட்டு இடபவாகன தேவர் முன்னே நாம் நெடுநேரம் நின்றோம். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி அது. பாம்புகளே தலைப்பாகையாய்ச் சுற்றியிருக்க, ஒரு காலை மறுகாலின்மேல் மாற்றி வைத்து, ஒரு கையை இடபத்தின்மேல் ஊன்றியவராய் இறைவர் நிற்கிறார். ஆனால் இடபத்தைக் காணோம்! அது என்றோ மறைந்துவிட்டது. எனினும் அந்தக் கை வெற்றிடத்தின்மீது சாய்ந்திருக்கும் அழகைக் கண்டபின், இடபம் இல்லையென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அருகே அம்மை, அடுத்த ஆண்டில் வார்க்கப்பெற்றவர்.

1955இல் தரங்கம்பாடிக் கரையிற் கிடைத்த திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இவ்வரண்மனையில் உண்டு. சிறுவர்க்கு அதுவே பெரிய அதிசயம். அவர்களை இழுத்துக்கொண்டுதான் சரசுவதி மகாலுக்குப் போகவேண்டியிருந்தது.

இந்நூல்நிலையத்தின் வரலாறு பெரிதும் இரண்டாம் சரபோஜியின் வரலாறே. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்ற இவர், 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டிலேயே கும்பினியார் நாட்டின் ஆட்சியை உடன்படிக்கையால் வாங்கிக்கொண்டு, கோட்டையையும் வருமானத்தில் ஒரு பங்கையுமே அவருக்கு விட்டனர். நாடில்லா மன்னர் பலர் அந்நாளிற் கேளிக்கையிற் காலம் போக்கினர். இவரோ நூல் சேர்த்தார். 1820இற் காசி யாத்திரை புறப்பட்டவர், வழியெங்கும் வடமொழிச் சுவடிகளைத் திரட்டிக்கொண்டு திரும்பினார். ஐரோப்பிய நூல்களையும் ஆயிரக்கணக்கில் வரவழைத்துக் கையொப்பமிட்டு வைத்தார். இன்று இங்கே 40,000க்கு மேற்பட்ட சுவடிகள் உள்ளன.

நம்மை மிகக் கவர்ந்தவை கண்ணோயாளர் பற்றிய குறிப்புகள். நோயாளி யார், நோய் யாது, அளித்த சிகிச்சை என்ன என்பவற்றை எழுதி, நோயுற்ற கண்ணையும் வண்ணத்தில் தீட்டிவைத்துள்ளனர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் பார்வை மங்கி அரண்மனை வைத்தியரை நாடிவந்த எளியவர்களின் கண்கள் அவை. அரசர்களின் படங்களுக்கு இந்நாட்டிற் குறைவில்லை. இத்தகைய படங்கள் வேறெங்கே உள?

சரபோஜியின் மைந்தர் சிவாஜி 1855இல் ஆண்மகவின்றி இறந்தார். கும்பினியார் அரசை முடித்ததோடு நில்லாது, அரண்மனைப் பொருள்களையும் கைப்பற்றி முத்திரையிட்டனர். மூத்த இராணி காமாட்சி பாய் சாகிபா வழக்காடினார். சென்னை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இலண்டன் கோமறைக் கழகமோ 1859இல், இஃது அரசச் செயல், விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தது. வலியார் செய்ததை வழக்குமன்றம் வினவாதாம்! சொத்துகள் பின்னர் அரசாங்கத்தின் தயவாகவே குடும்பத்துக்குத் திரும்பின.

ஏடுகள் மட்டும் இத்தனைக்கும் நடுவே இருந்த இடத்தில் இருந்தன. பர்னெல் என்னும் ஆங்கில நீதிபதி வடமொழிச் சுவடிகளுக்கு ஆக்கிய அட்டவணை 1880இல் வெளிவந்தது. 1918இல் நூல்நிலையம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

நூல்நிலையத்தை ஒட்டிய சிறு நூதனசாலையில், மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ பிரன் வரைந்த படங்கள் உள்ளன. ஆட்டு முகத்தானைக் கண்டு எம் சிறுவர் சிரித்த சிரிப்பு, அவ்விடத்தின் அமைதிக்குச் சற்றும் பொருந்தவில்லை.

அப்பால், மராட்டியர் ஆட்சிக் காலத்து அலுவல் ஏடுகள். மோடி என்னும் வளைந்தோடும் எழுத்தில் எழுதப்பட்டவை. அதனைப் படிக்கவல்லார் இன்று மிகச் சிலர். நாம் குனிந்து நெடுநேரம் பார்த்தோம். ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஏதோவொரு நாளில், யாரோ ஒருவருக்கு, எவ்வளவு நெல் அளந்தார்களோ!