கனவில் 400 குதிரை



என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அங்கே சிவப்பு மையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். பக்கத்தில் "400 ஹெச்.பி." என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன். அந்தக் காருக்கு அஸ்திவாரம் எது தெரியுமா? கூட்ரோட்டில் என் மாமாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கும் பழைய மாருதி 800! அதன் இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெரிய இன்ஜின் மாட்டினால் ஓசூர் ரோட்டில் நம்மை யார் பிடிக்க முடியும்?

போன லீவில் மாமாவிடம் கேட்டேவிட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இன்ஜின மாத்தறது ரெண்டு நாள் வேலைடா. அதுக்கப்புறம் இருக்கிற வேலைய யாரு செய்யறது?" என்றார். அது என்ன வேலை என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ஹெச்.பி. என்றால் என்ன?

75 கிலோ மாங்காய் மூட்டையை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், அந்தத் திறன் ஏறக்குறைய ஒரு ஹெச்.பி. தமிழில் குதிரைத்திறன். வாட் கணக்கில் 746. நம் வயலில் ஓடும் 5 ஹெச்.பி. மோட்டாருக்கும் இதே கணக்குதான்.

பழைய மாருதி 800-ன் இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 37 ஹெச்.பி. காரின் எடை ஏறக்குறைய 650 கிலோ. அதே கம்பெனியின் எஸ்டீம் காரில் 1298 சி.சி. இன்ஜின். ஆரம்பத்தில் 65 ஹெச்.பி., பிற்காலத்தில் 85. 65 ஹெச்.பி. இன்ஜினை 800-ல் மாட்டினால் ஒரு டன்னுக்கு 57 ஹெச்.பி. என்பது கிட்டத்தட்ட 100 ஆகிவிடும். பேப்பரில் பார்த்தால் ஜாலிதான்!

மாமா சொன்ன மிச்ச வேலை

1. கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் 37 ஹெச்.பி.க்கு என்று செய்தவை. கூடுதல் முறுக்குவிசை வந்தால் முதலில் உடைவது இவைதான்.

2. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படும். மீதியில் பெரும்பகுதி சூடாகப் போகும். பெரிய இன்ஜினுக்குச் சின்ன ரேடியேட்டர் போதாது.

3. பெரிய இன்ஜின் கனமானது. முன்பக்கம் அமுங்கும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், 12 அங்குல சக்கரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

4. பிரேக்! இயற்பியல் பாடத்தில் படித்தோமே, இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டு 10 மீட்டரில் நிற்கும் வண்டி, 80-ல் வந்தால் நிற்க 40 மீட்டர் வேண்டும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் தூரம் தனி.

அண்ணன் கற்ற பாடம்

நான்காவது பாயிண்டை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. என் அண்ணன் தன் 100 சி.சி. பைக்கில் 150 சி.சி. இன்ஜினை மாட்டினார். பிரேக் மட்டும் பழைய டிரம் பிரேக்தான். ஒரு வாரம் ஊரே திரும்பிப் பார்த்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, சந்தை நாள். சந்தைக்கு ஓட்டிவந்த ஆடுகளில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டில் ஓடிவந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. ஆடு தப்பித்துவிட்டது. அண்ணன் காலில் இன்றும் பிளேட் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மா பதினோரு நாள் சரியாகத் தூங்கவில்லை.

"இன்ஜின் நல்லாத்தான்டா இருந்துச்சு. வண்டிதான் அதுக்குத் தயாரா இல்ல" என்று அண்ணன் இப்போதும் சொல்வார்.

பெரிய கம்பெனிகளின் கதை

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குத் தலைகீழான கதை ஒன்று நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1976-ல் ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான கார் வந்தது. 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 ஹெச்.பி. அதே உடம்பை வைத்து 1985-ல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' காரைக் கொண்டுவந்தது. ஆனால் உள்ளே இருந்தது 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் வழிவந்த 1991 சி.சி. இன்ஜின், சுமார் 83 ஹெச்.பி. மட்டுமே! விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம், வேகமோ குறைவு. 1988-க்குள் கதை முடிந்துவிட்டது.

அதற்காக அந்த இன்ஜினைத் திட்டாதீர்கள். அதே குடும்பத்து இன்ஜின்தான் பெர்குசன் டிராக்டரில் நிலம் உழுதது. 1953-ல் வந்த டிரையம்ப் டி.ஆர்.2 என்ற இலேசான ஸ்போர்ட்ஸ் காரில் மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் பறந்ததும் அதே குடும்பம்தான். பொருத்தமான இடத்தில் எல்லாம் அது நன்றாகவே உழைத்தது.

அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்ற பந்தய வீரர், 1962-ல் ஏ.சி. ஏஸ் என்ற இலேசான ஆங்கிலக் காரில் ஃபோர்டு வி8 இன்ஜினை மாட்டினார். அதுதான் உலகப் புகழ் பெற்ற கோப்ரா. பிறகு 7 லிட்டர் இன்ஜின் வேண்டும் என்று ஆசை வந்தபோது பழைய சேசிஸ் தாங்காது என்று தெரிந்தது. 1965-ல் தடித்த குழாய்களால் புது சேசிஸே செய்தார்கள். இன்ஜினுக்காக வண்டியையே மாற்ற வேண்டியிருந்தது.

உங்களுக்குத் தெரியுமா?

கோயம்புத்தூர் கரிவரதன் வேறு வழியில் யோசித்தார். அவர் பெரிய இன்ஜினைத் தேடவில்லை. நம் மாருதி 800 இன்ஜினையே எடுத்து, இலேசான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. குறைந்த செலவில் நம் பையன்கள் பந்தயம் பழகினார்கள். அதில் ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர் ஆனார். அந்தக் காருக்கு 800 ஹெச்.பி.க்கு மேல் திறன். எடையோ ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 600 கிலோ, நம் மாருதியை விடக் குறைவு! கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வேகம் காட்ட ஆசைப்பட்டால் அதற்கு இடம் பந்தயத் தளம்தான். நம் நாற்கர ரோட்டில் பள்ளிக்கு சைக்கிளில் குறுக்கே போகும் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள்.

இப்போது என் நோட்டு

கனவை நான் விடவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன். கடைசிப் பக்கத்தில் முதல் வரி பிரேக், இரண்டாவது சேசிஸ், மூன்றாவது எடை, கடைசி வரிதான் ஹெச்.பி. அந்தப் பக்கத்தை மாமாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மண்ணெண்ணெய் டப்பாவையும் பிரஷ்ஷையும் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரம் இரண்டையும் கழற்றி, பிரேக் டிரம்மைத் துடைத்து வைத்தேன். கையில் கறை இன்னும் போகவில்லை.

அண்ணனும் வந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "முன் சக்கரத்துக்கு எப்படா? என்னையும் கூப்பிடு" என்றார்.



— 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்