கடவுச்சொல் சரி, கதவு ஏன் திறக்கவில்லை?

மாணவர்களே, சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் மின்னஞ்சல் திறக்காமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? என்னிடம் பயிலும் படிவம் 4 மாணவி ஒருத்திக்கு அப்படி நேர்ந்தது. அவள் ஓர் இளைஞர் மன்றத்தின் செயலாளர். மன்றத்தின் வெப்மெயில் பக்கத்தில், பயனர் பெயராக 'செயலாளர்' என்று மட்டும் தட்டினாள். மூன்று முறையும் 'நுழைவு தோல்வி' என்றே வந்தது. போட்டியாளர்களின் பெயர்ப் பட்டியலை அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். "முழு முகவரியையும் தட்டிப் பாரம்மா" என்றேன். உடனே திறந்துகொண்டது. காரணம் என்ன?

பாதி முகவரி போதாது

'12, ஜாலான் மெலாத்தி' என்று மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பினால் என்ன ஆகும்? நம் நாட்டில் பல ஊர்களில் ஜாலான் மெலாத்தி உண்டு. தாமான், ஊர், அஞ்சல் குறியீடு இல்லாமல் தபால்காரரால் கண்டுபிடிக்க முடியாது.

மின்னஞ்சல் முகவரிக்கும் இரண்டு பாதிகள் உண்டு. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அவற்றைப் பிரிக்க @ குறியைப் பயன்படுத்தினார். அதன் இடப்பக்கம் ஆளின் பெயர். வலப்பக்கம் அவர் 'குடியிருக்கும்' இடம். இன்று அந்த இடத்தைக் களப்பெயர், அதாவது டொமேன், என்கிறோம். உங்கள் டெலிமா அடையாளமும் @ குறியோடுதான் வருகிறது, கவனித்தீர்களா?

ஒரே கட்டடம், பல வாசல்கள்

இணையத்தின் தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் இணையத்தளத்திற்கும் பெரும்பாலும் தனி ஐபி எண் தேவைப்பட்டது. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தாம். 1997-இல் வெளிவந்த எச்டிடிபி 1.1 விதிமுறை இதற்கு ஒரு வழி செய்தது. உலாவி ஒவ்வொரு முறையும் 'எனக்கு இந்தத் தளம் வேண்டும்' என்று பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்த வரிக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். அதைப் பார்த்துச் சர்வர் உரிய பக்கத்தைக் காட்டும். ஆகவே ஒரே சர்வரில் பல அமைப்புகள் குடியிருக்கலாம்.

கற்பனையாக, மல்லிகை மன்றமும் முல்லை மன்றமும் ஒரே சர்வரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு செயலாளர் இருப்பார். வெறும் 'செயலாளர்' என்று தட்டினால், எந்த மன்றத்துச் செயலாளர் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

சர்வர் செய்யும் ஊகம்

இங்குதான் 'இயல்பமைப்பு' வருகிறது. நாம் ஒன்றும் சொல்லாதபோது கணினி தானாக எடுத்துக்கொள்ளும் முடிவு அது. அந்த முடிவை முன்கூட்டியே எழுதி வைப்பவர் சர்வரின் நிர்வாகி. ரவுண்ட்கியூப் என்ற இலவச வெப்மெயில் மென்பொருளில் இதை மூன்று விதமாக அமைக்கலாம்.

முதல் வழி, எல்லாருக்கும் ஒரே களப்பெயரைச் சேர்ப்பது. மல்லிகையினருக்கு வசதி, முல்லையினர் வெளியே நிற்க வேண்டியதுதான். என் மாணவிக்கு நடந்தது இதுவே.

இரண்டாம் வழி, வந்த வாசலைப் பார்த்து ஊகிப்பது. ஒருவர் 'மெயில்.முல்லை.காம்.மை' வழியாக வந்தால், முதல் துண்டை வெட்டிவிட்டு 'முல்லை.காம்.மை' என்பதைச் சேர்ப்பது. ஆனால் அவர் 'முல்லை.காம்.மை' என்றே தட்டி வந்தால்? முதல் துண்டு போய், 'காம்.மை' மட்டும் மிஞ்சும். அப்படி ஒரு மன்றமே இல்லை! காம்.மை, எடு.மை என்று ஈரடுக்கு முடிவுகள் கொண்ட நம் நாட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் வழி, ஒவ்வொரு வாசலுக்கும் தனி அமைவுக் கோப்பு எழுதுவது. வேலை கொஞ்சம் கூடுதல், ஊகத்திற்கு இடமில்லை.

இன்னோர் அமைப்பும் உண்டு. அது, நாம் முழு முகவரியைத் தட்டினாலும் களப்பெயரை அழித்துவிட்டு, நிர்வாகி குறித்ததையே கட்டாயமாகப் போடும். முதல் வழியோடு இது சேர்ந்தால் முல்லைச் செயலாளர் தப்பிக்கவே முடியாது. அவருடைய கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் மல்லிகைச் செயலாளரின் கணக்கோடு ஒப்பிடப்படும். பல முறை தவறினால் கணக்கைப் பூட்டும் சர்வர்களும் உள்ளன. அப்போது ஒன்றும் அறியாத இன்னொருவரின் பெட்டி பூட்டப்படும்.

ஹோஸ்ட் வரியை அனுப்புவது நம் உலாவிதான். விரும்பினால் அதை மாற்றியும் அனுப்பலாம். ஆகவே வாசலை வைத்துப் பெயரை நிரப்புவது வசதிக்கு மட்டுமே. ஆள் யார் என்று உறுதிசெய்யக் கடவுச்சொல் வேண்டும்.

அடுத்த முறை 'நுழைவு தோல்வி' என்று வந்தால், கடவுச்சொல்லை மாற்ற ஓடாதீர்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பது உங்கள் தளம்தானா என்று முதலில் பாருங்கள். பிறகு @ குறியோடு முழு முகவரியையும் தட்டுங்கள். என் மாணவியின் பட்டியல் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்தது.