கரும்பு லாரியும் மலைத் தண்ணீரும்

அரவை தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சாலைகளில் கரும்பு வண்டிகளின் ராஜ்யம்தான். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளை நோக்கி லாரியும் டிராக்டருமாக வரிசைகட்டி நிற்கும். போதாததற்கு அரிசி ஆலைக்குப் போகும் நெல் லோடு, சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு லோடு.

சீசன் முடிந்ததும் குனிந்து பார்த்தால் கதை தெரியும். சாலை ஓரத்திலிருந்து சற்று உள்ளே, சக்கரம் ஓடிய தடத்தில் மெல்லிய விரிசல் ஓடியிருக்கும். அடுத்த மழையில் விரிசல்கள் வலையாகப் பின்னிக்கொள்ளும். லாரி ஏறி இறங்கும்போது அந்த இடுக்கு வழியே சேறு பிதுங்கும். சேறு வந்துவிட்டால், மேலே தெரிவது தார்தான் என்றாலும் கீழே கப்பித் தளம் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு பள்ளம், ‘பேட்ச் ஒர்க்’, ஒட்டுக்கு மேல் ஒட்டு.

இது எத்தனை வருடத்தில் நடக்கும்? அந்தக் கேள்விக்கு விடை தேடுவது ஒரு தனி ஆராய்ச்சித் துறை.

எடையின் கணக்கு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே சாலைகளைப் போட்டு, 1958 முதல் 1960 வரை ராணுவத்தினரைக் கொண்டு லாரி ஓட்டினார்கள். ஒவ்வொரு தடத்திலும் சுமார் 11 லட்சம் முறை அச்சுகள் உருண்டன. அங்கே கிடைத்ததுதான் சாலைப் பொறியாளர்கள் இன்றும் சொல்லும் ‘நான்காம் அடுக்கு’ விதி. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. பனி உருகி மண் ஊறிக்கிடந்த வசந்த காலத்தில் சேதம் வேகமெடுத்ததையும் அங்கே பார்த்தார்கள்.

நம் ஊருக்கு இந்த விதியைப் பொருத்திப் பார்க்கலாம். இரட்டைச் சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 2018-ல் மத்திய அரசு 11.5 டன்னாக உயர்த்தியது. கூடியது 13 சதவீத எடைதான். வண்டி வரம்பு வரை ஏற்றினால், சாலைக்கு வரும் சேதமோ ஏறத்தாழ 60 சதவீதம் கூடும். ஓவர்லோடு இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

1987-ல் அமெரிக்காவும் கனடாவும் இன்னும் பெரிய முயற்சியில் இறங்கின. மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாலைகளிலேயே 2,500-க்கும் மேற்பட்ட துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, போக்குவரத்து, மழை, விரிசல், தடப்பள்ளம் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பதிந்துவந்தார்கள். அதில் கிடைத்த பாடங்களில் ஒன்று, நல்ல நிலையில் இருக்கும்போதே மேற்பூச்சு போட்ட சாலை நெடுநாள் உழைக்கிறது, கெட்ட பிறகு போட்டால் காசுக்கேற்ற பலன் இல்லை என்பது.

இந்தியாவிலும் ஆர்-6, ஆர்-56 போன்ற ஆய்வுத் திட்டங்களில் திரட்டிய தகவல்தான் இன்றைய தார்ச்சாலை வடிவமைப்பு விதிகளுக்கு ஆதாரம். தடப்பள்ளம் 20 மில்லிமீட்டரை எட்டினாலோ, பரப்பில் 20 சதவீதம் விரிசல் கண்டாலோ சாலையின் ஆயுள் முடிந்தது என்பது விதி. அதற்கு முன்பே நாடி பிடிக்க ‘பெங்கல்மேன் பீம்’ இருக்கிறது. பின் அச்சில் 8.2 டன் எடையுள்ள லாரியை நிறுத்தி, இரட்டைச் சக்கர இடுக்கில் நீளமான கம்பியின் முனையை நுழைப்பார்கள். லாரி நகர்ந்ததும் சாலை எவ்வளவு மேலெழும்புகிறது என்று டயல் காட்டும். துள்ளல் அதிகமென்றால் அடித்தளம் பலவீனம். எத்தனை கனத்துக்கு மேல்தளம் போட வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிடுவார்கள்.

மலைக்கு வேறு எதிரி

கல்வராயன் மலையில் கதை மாறுகிறது. ஜாகீர்தார்களின் கையிலிருந்து 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்கு வந்த மலை இது. சாலையும் பேருந்தும் இங்கே தாமதமாகத்தான் ஏறின. வெள்ளிமலைக்குப் போகும் மலைப்பாதையில் லோடு குறைவு, தண்ணீர் அதிகம். மலைச்சரிவை ஒட்டிய வாய்க்காலில் மண்ணும் சருகும் அடைத்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழை சாலையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். பள்ளத்தாக்குப் பக்கத்து மண்ணை அரித்து, தார் விளிம்பை அந்தரத்தில் நிறுத்தும். அங்கே எவ்வளவு கனமாகத் தார் போட்டாலும் ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலை வாரும் வேலைக்கு அது ஈடாகாது.

அந்த வேலையைச் செய்யும் சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேரைத் தமிழக அரசு 2002-ல் வீட்டுக்கு அனுப்பியது. 41 மாதம் கழித்துத்தான் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பராமரிப்புக்கு நாம் கொடுத்துவந்த மதிப்புக்கு அது ஓர் அளவுகோல். பிற்பாடு பொள்ளாச்சியில் தொடங்கிய ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்த முறை, பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வதற்கே காசு என்று கணக்கை மாற்றியது. சரியான திசை அது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் இந்த ஆராய்ச்சிக்கே அமைந்ததுபோல இருக்கிறது. ஆலைக்குப் போகும் கரும்புச் சாலையில் ஒரு கிலோமீட்டர், வெள்ளிமலைப் பாதையில் ஒரு கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டு, அரவைக்கு முன்னும் பின்னும், மழைக்கு முன்னும் பின்னும் அளந்து பதிவு வைக்கலாம். கிண்டியில் 1957 முதல் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருவியும் ஆளும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பத்து வருடப் பதிவு கையில் இருந்தால், எந்தச் சாலைக்குக் கனமான தளம், எதற்கு ஆழமான வாய்க்கால் என்பதை டெண்டர் விடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். கரும்புச் சாலைக்கும் மலைச் சாலைக்கும் ஒரே எஸ்டிமேட்டை நீட்டும் வழக்கமும் அப்போது எடுபடாது.