பத்தாயிரம் ஊர்கள், ஒரே உரிமை

துப்பறியும் கதையும் அறிவியல் புனைகதையும் ஒன்றுசேர முடியாது என்றொரு கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலவியது. எதிர்காலக் கருவி ஒன்றைத் திடீரென எடுத்துக்காட்டிக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம் என்றால், வாசகர் ஊகிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1954-இல் நூலாக வெளிவந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலின் மூலம் ஐசக் அசிமோவ் அக்கருத்தைப் பொய்யாக்கினார். கற்பனை உலகின் விதிகளை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். புதிர் நேர்மையானதாகவே இருக்கும்.

அந்த மரபில் வந்த நாவல்களில், பொருளாதாரமும் அரசியலும் பயில்வோர் அவசியம் படிக்க வேண்டிய ஒன்று அலஸ்டர் ரெனால்ட்ஸ் எழுதிய 'தி பிரிஃபெக்ட்'. 2007-இல் வெளியான இந்நூல் பின்னர் 'அரோரா ரைசிங்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. வானியலில் முனைவர் பட்டம் பெற்ற இதன் ஆசிரியர், ஐரோப்பிய விண்வெளி அமைப்பில் பணியாற்றியவர்.

எப்சிலான் எரிடானி என்ற விண்மீனைச் சுற்றும் யெல்லோஸ்டோன் கோள்தான் கதைக்களம். அக்கோளைச் சுற்றிப் பத்தாயிரம் விண்வெளிக் குடியிருப்புகள் மின்னும் வளையமாக மிதக்கின்றன. அவற்றில் வாழ்வோர் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர். சுழற்சியால் ஈர்ப்புவிசையை உண்டாக்கும் இத்தகைய குடியிருப்புகளை 1970-களிலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் கணக்கிட்டு முன்மொழிந்திருக்கிறார். ஆகவே, இது வெறும் கற்பனையன்று.

ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கான சட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. அனைத்துக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: வாக்குரிமை. அந்த உரிமையைக் காப்பதற்கென்றே 'பனோப்ளி' என்ற அமைப்பு இயங்குகிறது. அதன் அதிகாரிகளுள் ஒருவரான டாம் டிரேஃபஸ்தான் நாவலின் துப்பறிவாளர். 960 பேர் வாழ்ந்த ஒரு குடியிருப்பு அழிக்கப்படுகிறது. யார் அழித்தார்கள், ஏன் என்ற கேள்வியுடன் அவரது விசாரணை தொடங்குகிறது.

பொருளாதார மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதுதான். மக்கள் தங்களுக்கு உகந்த வரியும் சேவையும் உள்ள ஊரைத் தேடிக் குடிபெயர்ந்தால், சந்தையைப் போலவே உள்ளாட்சிகளும் திறம்படச் செயல்படும் என்று 1956-இல் சார்லஸ் டீபோ வாதிட்டார். அவரது கோட்பாடு மூன்று முக்கிய அனுமானங்களின் மீது நிற்கிறது. மக்கள் தடையின்றி இடம்பெயர வேண்டும். ஊர்களைப் பற்றிய முழுத் தகவல் அவர்களிடம் இருக்க வேண்டும். ஓர் ஊரின் செயல் மற்றோர் ஊரைப் பாதிக்கக் கூடாது.

நாவல் இம்மூன்றையும் சோதனைக்கு உள்ளாக்குகிறது. மக்கள் தாமே விரும்பித் தங்கள் உரிமைகளை ஒப்படைத்துவிட்ட 'தன்விருப்பக் கொடுங்கோன்மைகள்' அந்த வளையத்தில் உண்டு. அங்கே ஒருவர் பின்னர் மனம் மாறினால் வெளியேற வழி ஏது? சுதந்திரத்தைத் துறப்பதற்கான சுதந்திரம் என ஒன்று இருக்க முடியாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இலேயே எழுதியதன் பொருள் இங்குதான் விளங்குகிறது.

அடுத்தது தகவல். வாக்குப்பதிவு மென்பொருளில் உள்ள ஓட்டையை அடைப்பதற்காக இளம் அதிகாரி ஒருவர் நான்கு குடியிருப்புகளுக்கு அனுப்பப்படுகிறார். முறைகேட்டைத் தடுக்க வந்த அந்தத் திருத்தமே பேராபத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. தாங்கள் நம்பிய இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியும் வழி குடிமக்களுக்கு இல்லை. மூன்றாவதாக, ஒரு குடியிருப்பில் தொடங்கும் கேடு அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. பாதுகாப்பு என்பது ஊருக்கு ஊர் தனித்தனியே வாங்கிக்கொள்ளக்கூடிய சரக்கன்று, அது பொதுப்பண்டம்.

பனோப்ளி அதிகாரிகள் கனரக ஆயுதம் ஏந்த வேண்டுமானால், குடிமக்கள் வாக்களித்து அனுமதிக்க வேண்டும். ஆபத்து நெருங்கும் வேளையிலும் மக்கள் மறுத்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறாகவும் இருக்கலாம். ஆனால், தவறு செய்யும் உரிமையையும் சேர்த்துத்தானே வாக்குரிமை என்கிறோம்?

வரவிருக்கும் அழிவிலிருந்து காப்பாற்றுவதற்காகவே உரிமைகளைப் பறிக்க வேண்டியிருக்கிறது என்று மனமார நம்பும் ஒருவரும் கதையில் உண்டு. அவர் யார் என்பதை வாசகரே கண்டுபிடிக்கட்டும். பணத்துக்காகக் கொலை செய்பவனை அடையாளம் காண்பது எளிது. மக்கள் நலனின் பெயரால் அதிகாரம் கேட்பவரை அடையாளம் காண்பதே கடினம்.

டிரேஃபஸ் பெரிய வீரர் அல்லர். விதிகளை மதித்துப் பொறுமையாகச் சான்றுகளைத் தேடும் களைத்துப்போன ஓர் ஊழியர். மக்களாட்சியைக் காப்பவர்கள் பெரும்பாலும் அத்தகையோரே. துப்பறியும் நாவலைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். குற்றவாளி யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும், காவலரை யார் கண்காணிப்பது என்ற கேள்வி நம்முடன் தங்கிவிடும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).